வாசித்துக் காட்டும் துரை

ஜப்பானில் எந்த ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம். ஆசிரியர் அறையின் கோடி மேசையில் உட்கார்ந்திருப்பார். பள்ளி கொடுத்த செருப்புக்கு வெளியே பாதிக் குதிகால் நீட்டிக்கொண்டிருக்கும். உத்தியோகம்: துணை மொழி ஆசிரியர், சுருக்கமாக ஏ.எல்.டி. 1987-இல் 'ஜெட்' என்ற அரசுத் திட்டம் நான்கு நாடுகளிலிருந்து 848 பேரைக் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து இவர் வம்சம் தழைக்கிறது. கல்லூரிப் பட்டம் வேண்டும். எதில் பட்டம் என்பது பற்றிக் கவலையில்லை. மிச்சத் தகுதி அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

வகுப்பில் ஜப்பானிய ஆசிரியை தலையசைத்தால் இவர் ஓர் ஆங்கில வரி வாசிப்பார். பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்லுவார்கள். மறுபடி தலையசைப்பு, மறுபடி வரி. தம்மை 'மனித டேப் ரெக்கார்டர்' என்று அவரே சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் டேப் ரெக்கார்டரிடம் யாரும் உயரம் எவ்வளவு, காதலி உண்டா, குச்சியால் சாப்பிட வருமா என்றெல்லாம் கேட்பதில்லை.

ஸ்காட்லாந்து உச்சரிப்போடு ஒரு கிளாஸ்கோக்காரர் வாய்த்துவிட்டால் கூத்துதான். அவர் உயிரைக் கொடுத்து வாசித்து முடித்ததும் ஆசிரியை குனிந்து வணங்கி, "ரொம்ப நன்றி, சென்செய். இப்போது சி.டி.யையும் ஒருமுறை கேட்டுவிடுவோம்" என்பார். சி.டி.யில் பேசுகிறவர் அமெரிக்கர்.

இலக்கணமெல்லாம் ஆசிரியையின் ராஜ்யம். பலகையில் கோடு கிழித்துக் காலங்களைப் பிரித்து மேய்ந்துவிடுவார். "இந்த இடத்தில் ஏன் 'தி' வராது?" என்று துரையைக் கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பார். "காதுக்கு நன்றாயில்லை" என்பார். (வல்லினம் மிகும் இடத்தை விதியோடு சொல்லத் தெரிந்த தமிழர்கள் மட்டும் இங்கே சிரிக்கலாம்.)

மதியச் சாப்பாட்டு வேளையில்தான் அவருக்கு மவுசு. பிள்ளைகளோடு வகுப்பிலேயே உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட வேண்டும். 'நாத்தோ' வரும் நாள் விசேஷம். புளிக்கவைத்த சோயா, குச்சியால் தூக்கினால் நூல் நூலாக இழுக்கும். காலையில் அவர் வாசித்தபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்தவன்கூட இப்போது அவர் வாயையே பார்ப்பான். விழுங்கிவிட்டால் கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

சாப்பாடு முடிந்து நடைவழியில் வருகிறான் ஒரு பையன். முகக்கவசம், ஒழுகும் மூக்கு, நெற்றியில் ஜுரப்பட்டை. நர்ஸ் அறைக்குப் போகிறான். துரை நிஜமான கவலையோடு, "ஹவ் ஆர் யூ?" என்கிறார்.

பையன் விறைப்பாக நின்று, இருமலுக்கு நடுவே ஒப்பிக்கிறான்: "அயம் ஃபைன், தாங்க் யூ. அண்ட் யூ?"

பின்னால் வந்த ஆசிரியைக்கு முகமெல்லாம் பூரிப்பு.