அத்தாச்சிக்கு ஆகும்

போகி போய் நாலு நாள் ஆகிறது. திண்ணையில் மூன்று மூட்டை அப்படியே கிடக்கிறது. பூநாரை பார்க்கக் கோடியக்கரைக்கு வந்த ஒரு வெள்ளைக் கார் இறக்கிவிட்டுப் போனது. வந்தவர்கள் தூரத்துச் சொந்தம். வருஷத்துக்கு ஒரு தடவை, பறவை வந்த செய்தி பேப்பரில் வந்த பிறகு வருவார்கள். இறங்கும்போதே, "அத்தாச்சி, உங்களுக்கு ஆகும்னு எடுத்தாந்தோம்" என்று டிக்கியைத் திறந்தார்கள். சீர் கொண்டுவந்த முகம். பாயசத்துக்குச் சேமியா வறுத்துக்கொண்டிருந்த நான் கரண்டியோடு வாசலுக்கு ஓடினேன்.

லெக்கின்ஸ் பதினொன்று. ஜிப் போன ஜீன்ஸ் நாலு. ஜோடி இல்லாத சாக்ஸ் ஒரு கொத்து. கம்பெனி பெயர் போட்ட டீ ஷர்ட், தொட்டால் ஜிகினா உதிரும் நைலான் சுடிதார், ஒரு ஜன்னல் திரை. திரையின் மேல்பட்டியில் வரிசையாக ஓட்டை. வளையத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக, எது ஆகும் எது ஆகாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அன்று சாயங்காலமே ஒரு குரங்கு வந்து லெக்கின்ஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. வேப்பமரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தது. திருப்பி எறிந்துவிட்டது.

உங்களைச் சொல்லவில்லை. நீங்களும் செய்வீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லவில்லை. கொளுத்தினால் புகை என்று திட்டு விழும். குப்பை வண்டியில் போட மனசு வராது. அப்புறம் யாராவது ஒரு அத்தாச்சி வேண்டும்தானே.

தப்பு என்னுடையது. சத்துணவுக் கூடத்தில் முட்டை எண்ணிக்கொண்டிருந்தவள், ஓய்வு பெற்றதும் டிவி பார்த்திருக்கலாம். பழம்புடவையை மடித்து ஓட்டுத்தையல் போட உட்கார்ந்தேன். நம் பக்கத்துக்கு இது ஒன்றும் புதிதில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் நூல்புடவையை நாலு மடிப்பாக்கி ஓரம் தைத்தால் குழந்தைக்கு விரிப்பு. அதையே ஆளுயரத்துக்கு, துண்டு துண்டாய்க் கோலம்போல் சேர்த்துத் தைத்தால் அது க்வில்ட் என்கிறாள் என் அண்ணன் மகள். சென்னையில் அதற்கு வகுப்பு நடக்கிறதாம். புதுத்துணி வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி, மறுபடியும் ஒன்றாகத் தைக்கிறார்களாம். முழுசாகத்தானே இருந்தது, எதற்கு வெட்டினார்கள் என்று கேட்டேன். "அதுதான் ஆர்ட், அத்தை" என்றாள்.

அவளை அசத்தத்தான் உப்பளப் போர்வையை யோசித்தேன். வேதாரண்யம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அகஸ்தியன்பள்ளி தாண்டினால் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும். ஒன்று சேற்று நிறம், ஒன்று சாம்பல், வெயிலில் தண்ணீர் சுண்டிய ஒன்று ரோஸ், கடைசியில் ஒன்று கண் கூசும் வெள்ளை. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த இடம். அதை அப்படியே துணியில் கொண்டுவர வேண்டும். எத்தனை பாத்தி, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், வரப்புக்கு என்ன துணி என்று இந்தக் கட்டுரையில் விவரமாகச் சொல்லப்போகிறேன். அதற்கு முன் இந்தப் பழந்துணி விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

ஒட்டுப்போர்வைக்கு ஆகிற துணி பருத்தி. அதுவும் பல தண்ணீர் பார்த்த பருத்தி. புதுத்துணியும் பழந்துணியும் கலந்தால், முதல் துவையலில் புதுசு சுருங்கிப் பழசை இழுத்துப் போர்வை அப்பளமாகிவிடும். லெக்கின்ஸ் துணி தைக்கும்போதே நீளும். பாலியஸ்டர் வேர்வையைக் குடிக்காது, இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருண்டுகொள்ளும். போதாததற்கு எங்கள் ஊர்க் காற்று. இரண்டு நாள் வெளியே விட்ட ஊசி துருவேறித் துணியில் செம்புள்ளி வைக்கும். ஊசிகளைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியில் குத்தி, டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஊசிக்குச் செய்கிற இந்த மரியாதையைக்கூடத் துணி கொடுப்பவர்கள் எனக்குச் செய்வதில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னவர்கள், கொடுப்பதானாலும் கசக்கிக் கொடு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அண்ணன் மகள் போனில் படம் படமாகக் காட்டினாள். வங்காளத்துக் கந்தா, பேரிலேயே கந்தை இருக்கிறது. பழம்புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தவர்கள். கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் 'கவந்தி' என்று தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும் வேலை. அவர்களைச் சித்திகள் என்று அவள் சொன்னபோது, எந்தச் சித்தி என்று கேட்டு நான் மானத்தை வாங்கிக்கொண்டது தனிக்கதை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், வயல் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த காற்சட்டைகளில் போர்வை தைத்தார்கள். 2002இல் நியூயார்க் விட்னி மியூசியம் அதைச் சுவரில் மாட்டியது, 2006இல் தபால் தலையே வந்துவிட்டது. இங்கே தஞ்சாவூரில் தேருக்குத் தொம்பையும் அஸ்மானகிரியும் தைக்கிறவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணியை வெட்டி ஒட்டி யாளியும் தாமரையும் வரவழைப்பார்கள். அவர்களிடம் யாரும் லெக்கின்ஸ் மூட்டையை இறக்கிவிட்டு, "தேருக்கு ஆகும்" என்று சொன்னதாகத் தெரியவில்லை.

மூட்டையில் எனக்குப் பிடித்தது மூட்டையைக் கட்டி வந்த பைதான். தாம்பூலப் பை. உங்கள் வீட்டில் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கும், அதற்குள் நாற்பது பை இருக்கும். எங்கள் வீட்டில் மூன்று ஆணி. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்றது. அதற்கப்புறம் நாங்கள் போகிற கல்யாணத்தில் எல்லாம் துணிப் பைதான். அதிலும் பாதி, துணி வேஷம் போட்ட பிளாஸ்டிக். ஊடும் இருக்காது, பாவும் இருக்காது. கிள்ளி இழை வருகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன். மண்டப வாசலில் பையைக் கிள்ளிப் பார்க்கிற பெண்பிள்ளை இந்தத் தாலுகாவில் நான் ஒருத்திதான்.

நாற்பத்தெட்டு பை சேர்ந்ததும் பிரித்தேன். அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு எட்டு. முன்பக்கமெல்லாம் போர்வைக்கு மேலே, பின்பக்கமெல்லாம் அடியில், நடுவில் ஒரு பழைய நூல்புடவை. மேலே மணமக்கள் பெயர், தேதி, மண்டபம், வருகைக்கு நன்றி. அடியில் நகைக்கடை, பாத்திரக்கடை, ஒரு சிமெண்ட் ஏஜென்சி. கைப்பிடி நாடா தொண்ணூற்றாறும் ஓரப்பட்டி ஆயிற்று. மார்கழிப் பனியில் எங்கள் வீட்டுக்காரர் போர்த்திப் படுத்தார். படுத்தவர் தூங்கவில்லை. படித்தார். "இவன் கல்யாணத்துக்கு நாம போனோமா?" போனோம். "மொய் எவ்வளவு?" ஐந்நூற்றொன்று. "நம்ம பெரியவன் கல்யாணத்துக்குத் திருப்பி வெச்சானா?" மொய் நோட்டை எடுத்துவரச் சொன்னார். ராத்திரி பதினொன்றரைக்கு இரண்டு பேரும் போர்வையையும் நோட்டையும் வைத்துக்கொண்டு வரிசையாகச் சரிபார்த்தோம். ஏழு கல்யாணம் பாக்கி.

விஷயம் வெளியே போனது. வருகிறவர்கள் எல்லாம் போர்வையை விரிக்கச் சொல்லித் தங்கள் வீட்டுப் பை எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். என் ஓரகத்தி குனிந்து பார்த்து, "எம்புள்ள கல்யாணத்தைக் கால்மாட்டுல தைச்சிட்டீங்களேக்கா" என்று மூக்கை உறிஞ்சினாள். போர்வையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். தலைமாட்டில் இருந்த நாத்தனார் வீட்டுக் காதுகுத்து கால்மாட்டுக்கு வந்தது. நாத்தனார் அந்த வருஷம் பொங்கலுக்கு வரவில்லை. குறுக்கே போர்த்தினால் பிரச்சினை தீரும் என்று வீட்டுக்காரர் யோசனை சொன்னார். போர்த்திப் பார்த்தோம். அவர் முழங்காலுக்குக் கீழே மார்கழி. கடைசியில் செவ்வாய் வெள்ளி ஓரகத்தி பக்கம், மற்ற நாள் நாத்தனார் பக்கம் என்று முறை வைத்தோம். கோயில் மண்டகப்படிக்குக்கூட இவ்வளவு பேச்சுவார்த்தை நடந்திருக்காது.

நாலாவது வரிசையில் ஒரு ஜோடி வக்கீல்வரை போய்விட்டது. "எம்பொண்ணு பேரு அந்த ஆளு பேரோட உங்க வீட்டுல கிடக்கக் கூடாது" என்று பெண்ணின் தாயார் போன் செய்தார். பிரித்தெடுத்தேன். அந்த இடத்தில் திருக்கடையூர் அறுபதாம் கல்யாணப் பை ஒன்றை வைத்துத் தைத்தேன், இந்தத் தடவை உறுதியான தம்பதியாக இருக்கட்டும் என்று. மூன்றாம் மாசம், வக்கீல்வரை போன அந்த இரண்டு பேரும் சேர்ந்து வந்து, ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு, தங்கள் பை எங்கே என்று கேட்டார்கள். அறுபதைப் பிரிக்க மனசு வருமா? ஓரத்தில் தனியாகச் சேர்த்தேன். இப்போது போர்வைக்கு நாற்பத்தொன்பது சதுரம். ஒன்று மட்டும் நாக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். செவ்வாய் வெள்ளியில் அது வீட்டுக்காரரின் மூக்கில் உராயும்.

அப்புறம் துவைத்தேன். அதோடு ஊறப்போட்ட நாலு வேட்டி, மூன்று பனியன், தலையணை உறை எல்லாம் ஒரே மஞ்சள். கடைத்தெருவில் வீட்டுக்காரரை நிறுத்தி, என்ன வேண்டுதல் என்று கேட்டிருக்கிறார்கள். பழனிக்கு என்று சொல்லிவிட்டார். சொன்னதற்காகப் பழனிக்குப் போய்வர வேண்டியதாயிற்று.

எங்கே விட்டேன்? உப்பளம். வெள்ளைப் பாத்திதான் அந்தப் போர்வைக்கு உயிர். அதற்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டி வேண்டும். எங்கள் வீட்டு வேட்டியின் கதைதான் சொல்லிவிட்டேனே. மூட்டை கொண்டுவருகிற ஒருத்தரும் வேட்டி கொண்டுவருவதில்லை. ஏனென்றால் பழைய வேட்டிக்கு உபயோகம் இருக்கிறது. அந்த வெள்ளைக் காரின் முன்சீட்டுக்கு அடியில் அருமையான எட்டுமுழம் ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. கண்ணாடி துடைக்க.

இதைச் சொன்னால் கோபக்காரி என்பார்கள். சொல்கிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பழந்துணி லாரி லாரியாக வந்தது. கட்டின துணியோடு ஓடிவந்த மீனவப் பெண்கள்கூடத் தொட மாட்டாமல் ரோட்டோரம் குவிந்து கிடந்தது. கிழிசல், அழுக்கு, யாருக்கும் அளவு சேராதது. டெல்லியிலிருந்து கூஞ்ச் அமைப்புக்காரர்கள் வந்து அந்தத் துணியைப் பொறுக்கித் தரம் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த அமைப்பை ஆரம்பித்த அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கொடுத்தார்கள். துணி அனுப்பியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2018 நவம்பர் 16, கஜா புயல். கூரை போய், காட்டு மரமெல்லாம் சாய்ந்து, இருட்டில் உட்கார்ந்திருந்தோம். தார்ப்பாய் கேட்டோம், சுடிதார் வந்தது. எனக்கு வந்ததில் ஜிகினா வைத்திருந்தது. அன்றைக்கும் யாரோ ஒருத்தி பீரோவைச் சாத்திவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்திருப்பாள்.

நேற்று மனசு கேட்காமல் மூன்றாவது மூட்டையையும் துழாவினேன். ஜீன்ஸ் பாக்கெட்டில் ஒரு சாவி இருந்தது. பித்தளை வளையத்தில் கோத்திருக்கிறது, பார்த்தால் பீரோ சாவி மாதிரி இருக்கிறது. வெள்ளைக் காரில் வந்தவர்கள் இதைப் படித்தால் வந்து வாங்கிக்கொள்ளவும். கையை வீசிக்கொண்டு வரவும். சீட்டுக்கு அடியில் இருக்கிற வேட்டியை மட்டும் எடுத்து வரவும்.