கூட்டு ஆராய்ச்சிக்குக் காசு கேக்குத மருமவனுக்கு

வாரும் மருமவனே, இப்படி உக்காரும். நீரு குடுத்துட்டுப் போன கல்வெட்டு ஆராய்ச்சி விண்ணப்பத்தை முழுசாப் படிச்சுட்டேன். கூட்டுறவுச் சங்கத்துல கணக்கெழுதியே தலை நரைச்சவன் நான். எந்தத் தாளை நீட்டினாலும் கடைசிப் பக்கத்துல இருந்துதான் படிப்பேன். உம்ம தாளையும் அப்படித்தான் படிச்சேன். துட்டுக் கணக்கு ஜோரா இருக்கு வே. ஆராய்ச்சி எந்தப் பக்கத்துல இருக்குன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்.

ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்துச் சினர்ஜி நிதிக்கு அடி போடுதீரு. பெரிய இடந்தான். ரெண்டு பேருக்குக் குறையாம, நாலு பேருக்கு மேப்போகாம, சேந்து கேக்கணும். ஆறு வருசத்துக்கு ஒரு கோடி யூரோ வரைக்கும் குடுப்பான். கூட்டுல ஒருத்தரு ஐரோப்பாவுக்கு வெளிய இருக்கலாம்னு விதியைத் தளர்த்தினதும், இங்க உள்ள பேராசிரியமாருக்கெல்லாம் பாரிசுலயும் பெர்லின்லயும் பழைய சிநேகிதம் பொசுக்குன்னு ஞாபகத்துக்கு வந்துட்டு.

எப்படி ஜெயிக்கன்னு கேட்டீருல்லா, எழுதிக்கிடும். கூட்டாளியை நேர்ல பாத்துராதீரும். பாத்தாப் பேச்சு வரும், பேசினாச் சண்டை வரும், சண்டை வந்தா விண்ணப்பம் நின்னுரும். மின்னஞ்சல்லயே சம்மதம் வாங்கிப்போடும். மொதப் பக்கத்துல 'நாங்க மூணு பேரும் சேராட்டா இந்த வேலை உலகத்துல நடக்கவே நடக்காது'ன்னு அடிச்சு எழுதும். சினர்ஜிக்காரன் அதைத்தான் தேடுவான். பொறவு ஆளுக்கொரு உதவியாளு, வருசத்துக்கொரு மாநாடு. கூட்டாளிமாரு நம்ம வெயில்ல வாடிரக் கூடாது பாரும், அதனால மாநாட்டைப் பாரிசுலயே வச்சுக்கிடும். கல்வெட்டுக்கென்ன, அது இங்கனயே கெடக்கும். ஆயிரம் வருசமா எங்கயும் போகல.

சிரிக்காதீரும். சின்ன வயசுல கல்வெட்டுப் படியெடுக்க வந்தவுகளுக்குத் தண்ணி சுமந்தவன் நான். கல்லைத் தேச்சுக் கழுவி, தாளை நனைச்சு ஒட்டி, புருசால அடி அடின்னு அடிப்பாங்க. தாளு எழுத்துப் பள்ளத்துக்குள்ள எறங்கும். மேல மையைத் தட்டினா, சுத்திக் கறுப்பும் எழுத்து வெள்ளையுமா எந்திரிச்சு நிக்கும். அதுக்குப் பொறவுதான் கூத்து. கல்லுல பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. துணைக்காலா ரகரமான்னு ரெண்டு பெரியவுக உச்சி வெயில்ல நின்னு மல்லுக்கட்டினதை நான் குடத்தோட நின்னு பாத்திருக்கேன்.

இப்ப நீரு சொல்லும். உம்ம திட்டத்துல ஒரு கல்லைப் படிச்சா, நீரு புள்ளி வச்சு எழுதுவீரு. உம்ம பெர்லின் கூட்டாளி கல்லுல உள்ளதை உள்ளபடியே எழுதணும்பாரு. எந்தப் பாடம் அச்சுக்குப் போகும்? பேசியிருக்கீங்களா? தாள்ல அந்தப் பேச்சே இல்லியே!

இதே சினர்ஜிக் காசுல 2019ல தொடங்குனதுதானே தர்மா திட்டம். பாரிசுக்காரங்களும் பெர்லின்காரங்களும் சேந்து தெற்காசியா, தென்கிழக்காசியாக் கல்வெட்டு செப்பேடெல்லாம் பாத்தாங்க, தமிழும் அதுல உண்டு. எந்த எழுத்தை ரோமன்ல எப்படி எழுதணும், சிதைஞ்ச எழுத்தை எப்படிக் குறிக்கணும், சந்தேகத்துக்கு என்ன அடையாளம்னு 2020லயே கையேடு போட்டுட்டாங்க. படிச்சுப் பாத்தா ஒரு சொவையும் இருக்காது. ஆனா அவுக கூட்டு நின்னது அதுலதான். நம்ம பங்குக் கிணத்துக்கு மோட்டார் வாங்கதுக்கு முன்ன யாருக்கு எந்தக் கிழமை முறைன்னு பேசி முடிச்சோம்லா? நீரு முறை பேசாம மோட்டாருக்குக் கொட்டேசன் வாங்கிட்டு வந்து நிக்கீரு.

சரி, துட்டுக்கு வருவோம். நேரடிச் செலவுல நூத்துக்கு 25ன்னு மேல்செலவுக்கு நிறுவனம் எடுத்துக்கிடும், அதுல நமக்குப் பேச்சில்ல. உம்ம பங்கை உம்ம அறக்கட்டளை வழியா வாங்கப் போறதா எழுதியிருக்கீரு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல, அதான் எஃப்.சி.ஆர்.ஏ.ல, பதிவு இருக்கா? 2020ல சட்டத்தைத் திருத்தின பொறவு, வெளிநாட்டுத் துட்டு டெல்லி ஸ்டேட் பாங்கு மெயின் பிராஞ்சுலதான் மொதல்ல வந்து எறங்கணும். நிர்வாகச் செலவுக்கு முன்ன 50 சதவீதம் வரைக்கும் விட்டான், இப்ப 20தான். அதுகூடப் போகட்டும். வந்த துட்டை இன்னொரு அமைப்புக்கு மாத்திக் குடுக்கவே கூடாது. நீரு என்னடான்னா 'கூட்டாளி அறக்கட்டளைக்குப் பகிர்ந்தளிக்கப்படும்'னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கீரு. பகிர்ந்தளியும் வே. ஜாமீனுக்கு மட்டும் என்னைத் தேடாதீரும்.

உள்ளூர்க் காசுக்குப் போகலாம்னா, மத்திய அரசு 2018ல தொடங்குன ஸ்பார்க் திட்டம் இருக்கு. அதுக்கு உம்ம காலேஜு என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைப் பட்டியல்ல மொத நூறுக்குள்ள வரணும். உம்ம காலேஜு கரண்டு பில்லு பாக்கிப் பட்டியல்லதான் மொத நூறுக்குள்ள வரும். கெடைச்சாலும் வருசா வருசம் துட்டைச் செலவழிச்சதுக்குச் சான்று, அதான் யூ.சி., குடுக்கணும். யூ.சி. குடுக்காம அடுத்த தவணை வாங்கினவனை நான் இன்னும் பாக்கல.

அந்தக் காலத்துல உ.வே.சாமிநாதையரு 1887ல சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டுவர ஊரூராக் கையொப்பம் வாங்கித்தான் பணம் சேத்தாரு. சமூகத் தாக்கம்னு ரெண்டு பக்கம் எழுதும்னு அவருகிட்ட ஒருத்தரும் கேட்டதாத் தெரியல. குடுத்து வச்ச மனுசன்.

இன்னொண்ணு. சம்மதக் கடுதாசி வந்துட்டா காசு வந்த மாதிரின்னு ஆடாதீரும். அமெரிக்காவுல என்.இ.எச்.னு 1965ல இருந்து இந்த மாதிரிப் படிப்புக்குக் குடுத்துக்கிட்டிருந்த எடம். 2025 ஏப்ரல்ல, ஏற்கெனவே குடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்கையைக் கடுதாசி போட்டு நிறுத்திட்டான். பாதி வேலையில நின்னவுக கோர்ட்டுக்கு நடந்தாங்க.

கடைசியா ஒண்ணு கேக்கேன். மைப்படி எடுக்குத ஆளுக்கு எங்க போட்டிருக்கீரு? 'இதர செலவு'லயா? காப்பித்தண்ணி, ஆட்டோ, மைப்படிக்காரன், எல்லாம் ஒரே வரி! மூணு பேராசிரியமாரு பேருக்கு நேரா அரைப் பக்கம் பெருமை. கல்லுல கை வைக்கவனுக்குப் பேரே இல்ல. அவன் பேரையும் கூலியையும் தனியா எழுதும். நீங்க மூணு பேரும் சண்டை போட்டுப் பிரிஞ்சாலும் அவன் எடுத்த படி கையில இருக்கும்.

கடைசித் தேதி என்னைக்கு? இன்னைக்கா? சாயங்காலம் அஞ்சு மணின்னா பிரசெல்ஸ் நேரமா, நம்ம நேரமா? பிரசெல்ஸ்னா நவம்பர்ல நமக்கு ராத்திரி ஒம்பதரை. நேரம் கெடக்கு. மொதல்ல பெர்லினுக்கு ஒரு போனைப் போட்டு, புள்ளி வைக்கதா வேண்டாமான்னு கேளும்.