கரை வேறு, துறை வேறு: கால் நனைத்து எழுதிய ஓர் ஆய்வுரை

1. ஆய்வுச் சிக்கல்

ஆங்கிலத்தில் ‘கோஸ்ட்’ என்றொரு சொல், ‘ஷோர்’ என்றொரு சொல். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் கரை என்றே வரும். கோஸ்டின் மூலம் விலா எலும்பைக் குறித்த லத்தீன் சொல்; நிலத்தின் விலாப்புறம் என்று கொள்க. வரைபடத்தில் கோடாகத் தெரிவது கோஸ்ட். கப்பலை விட்டு இறங்கியவன் கால் படும் இடம் ஷோர். முன்னதைக் காவல் காக்க ஒரு படை உண்டு; பின்னதில் கிளிஞ்சல் பொறுக்குகிறார்கள். பாவப்பட்ட ஆற்றுக்கு இரண்டும் இல்லை. அதற்குக் கிடைத்தது ‘பேங்க்’. அங்கே கடனும் தருவார்களோ என்ற ஐயம் வேறு. போதாக்குறைக்கு, தமிழில் கோஸ்ட் என்று எழுதினால் பேயும் பக்கத்தில் வந்து நிற்கிறது. எனவே துரைமார் சொற்களைத் துரைமாரிடமே விட்டு, துறைக்குத் திரும்புகிறோம்.

2. கருதுகோள்

தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரத்துக்குப் போர்த்துகீசியர் வைத்த பெயர், மீன்பிடிக் கோஸ்ட் என்ற பொருளுடையது. அதே இடம் தமிழில் முத்துக்குளித்துறை. வந்தவர் ஓரத்தைப் பார்த்தார். இருந்தவர் மூழ்கியவனைப் பார்த்தார். ஆகவே நம் கருதுகோள்: ஆறும் கடலும் தாமாக உண்டாக்குவது கரை, மனிதன் இறங்கி இறங்கி உண்டாக்குவது துறை.

3. களமும் சான்றும்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். இருபுறமும் கரை உண்டு. துறையோ சில இடங்களில்தான். சிந்துபூந்துறை, கருப்பந்துறை, குறுக்குத்துறை என்று அவற்றுக்குத் தனித்தனிப் பெயரும் உண்டு. கரைக்கு யாரும் அப்படித் தேடித் தேடிப் பெயர் வைப்பதில்லை.

படித்துறை ஒன்றில் துணி அலசிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவரிடம் வினாப்பட்டியலை நீட்டினோம். “எய்யா, நின்னு பாத்தா கரை, எறங்கிக் குளிச்சா தொறை. இதுக்குப் போயி ஒரு நோட்டு வேறயா?” என்றார். முனைவர் பட்டத்துக்குரிய இவ்வரையறையை முறையாகப் பதிவு செய்வதற்குள் அலசிய தண்ணீர் நோட்டில் விழுந்துவிட்டது.

குறுக்குத்துறையில் முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் முங்கும். கரை இடம் மாறும். துறையின் பெயர் மட்டும் அங்கேயே நிற்கும். இதற்கு நேர்மாறான சான்று கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகமான அவ்வூரை விட்டுக் கடல் கிழக்கே சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. பிறகு பழையகாயல் துறைமுகமாயிற்று. அங்கும் நிற்காமல் கடல் நகர, புன்னைக்காயல் வந்தது. நீர் போனால் துறையும் போகும் என்பது இதனால் பெறப்படும்.

4. மறுப்பும் சமாதானமும்

“துறை என்பது ஆபீஸ் அல்லவா?” என்று அரசு ஊழியரான நண்பர் ஒருவர் மறுத்தார். நியாயமே. இந்த ஒரே ஆற்றின்மேல் நீர்வளத்துறை, வருவாய்த்துறை, வனத்துறை, அறநிலையத்துறை என எத்தனையோ துறைகள். அவற்றில் இறங்க முடியாது. ஏறி இறங்கத்தான் முடியும். ஆற்றுக்கும் இதே மனக்குறை இருந்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதுவே கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள் நேரில் வந்தது. மனு ஏதும் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை.

5. எழுத்தியல் குறிப்பு

நெல்லைப் பேச்சில் ரகரமும் றகரமும் பங்காளிகள்; சேர்ந்தே புழங்கும். எழுதும்போதுதான் பாகம் பிரிகிறது. துறையில் றகரத்தை மாற்றினால் துரை. துரைக்குப் படியில் இறங்கும் பழக்கமில்லை. மேலே நின்று பார்ப்பார். கரையில் ரகரத்தை மாற்றினால் கறை. இந்த இரண்டாம் பிழையை எழுத்தில் செய்தால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். ஊர்ச் சாக்கடையை ஆற்றில் திறந்துவிட்டு நேராகவே செய்தால் சுழிக்க ஆளில்லை.

6. முடிவு

இறங்குவாரின்றித் துறை பாசி பிடித்தால் வெறும் கரையாகும். கரையைக் கவனியாது விட்டால் கறையாகும். ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் பேதம் தெரியாவிட்டால் பாதகமில்லை. இந்த மூன்றுக்கும் பேதம் தெரியாவிட்டால் குடிக்கிற தண்ணீருக்கே கேடு.

இம்முடிவை ஏற்காதோர் பாபநாசம் படித்துறையில் ஒரு முங்கு போட்டுவிட்டு மறுப்புரை எழுதலாம். வேட்டியோடு இறங்குங்கள். ஆனால் பாவம் தொலையட்டும் என்று வேட்டியை ஆற்றிலேயே விட்டுவிட்டு ஏறாதீர்கள்.