கிணத்துல கிடக்கிற செவப்பு வாளி

வாங்க விஞ்ஞானி! புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சாச்சாமே? "அலைநீளம் குறைஞ்சா அதிர்வெண் கூடும்"னு திண்ணை அதிர நீ கத்துன கத்துல சுவத்துப் பல்லி ஊரையே காலி பண்ணிருச்சு.

தப்புன்னு சொல்லல ராசா. உன் தாய்மாமன் நெட்டக்கொக்கு, உன் அப்பத்தா குள்ளம். ரெண்டும் ஒண்ணாச் சந்தைக்கு நடந்தா, அவன் ஒரு எட்டு வைக்கிறதுக்குள்ள கிழவி ரெண்டு எட்டு வச்சாகணும். வெளிச்சமும் அப்படித்தான். வெற்றிடத்துல அது எந்த நிறமானாலும் வேகம் ஒண்ணுதான்: விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். செவப்புக்கு எட்டு நீளம், 700 நானோமீட்டர். விநாடிக்குச் சுமார் 430 லட்சம் கோடி அதிர்வு. ஊதாவுக்கு 400தான், அது 750 லட்சம் கோடி தடவை துடிக்கும். கொடைக்கானல் பண்பலையும் இதுக்குப் பங்காளிதான். 100.5 மெகாஹெர்ட்ஸ், அலைக்கு நீளம் மூணு மீட்டர். நான் படுக்கிற கட்டிலை விட நீளம்!

ஆனா நேத்து அக்காகிட்ட ஒரு போடு போட்டியே! தண்ணிக்குள்ள வெளிச்சத்துக்கு வேகம் 1.33 மடங்கு குறையும், 700ஐ அந்த 1.33ஆல வகுத்தா 526, அது பச்சையோட அளவு, அதனால தண்ணிக்குள்ள செவப்பு பச்சையாயிரும்னு. அடேங்கப்பா! வா கிணத்தடிக்கு. நீ கயித்தோட நழுவவிட்ட செவப்பு வாளி அந்தா படியில முங்கிக் கிடக்கு. பச்சையாவா தெரியுது?

வகுத்தது சரிதான். தண்ணியில இறங்குன மாமனுக்கு எட்டும் குறுகும், வேகமும் குறையும். கால் போடுற தாளம் மட்டும் மாறாது. விநாடிக்கு எத்தனை அலை வந்து சேருதோ அத்தனையும் உள்ள போயாகணும், தண்ணி மேல தேங்கி நிக்க அதுக்கென்ன திண்ணையா கட்டி வச்சிருக்கு? நிறம் அந்தத் தாளத்தோட ஒட்டுனது. அலைநீளத்தை வச்சு நிறம் சொல்றதெல்லாம் வெற்றிடத்துக் கணக்கு.

"வெளிய வந்ததும் அலை மறுபடி நீண்டுரும்ல தாத்தா"ன்னு வாயெடுக்கிறியா? வக்கீல் பேரன்தான்! சரி, உன் கண்ணுக்குள்ள என்ன, காத்தா இருக்கு? அங்கயும் தண்ணி மாதிரிதான், சுமார் 1.34ஆல வகுக்கணும். நீ பொறந்ததுலருந்து பார்த்த செவப்பெல்லாம் குறுகித்தான் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. என்னிக்காச்சும் மிளகாப்பழம் உனக்குப் பச்சையாத் தெரிஞ்சுதா?

மூஞ்சியத் தூக்காத. வந்தது வந்துட்ட, அப்படியே இறங்கி அந்த வாளிய எடுத்துட்டு வா.