காத்தப் பாத்தியா மாப்ளே?

வாங்க மொதலாளி, வாங்க. பழைய ஆம்னி ஒண்ணு வாங்கிட்டீகளாம்ல? ஊரே பேசுது. நானும் திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். முன்கண்ணாடியில பாதிய உங்க தலைவர் படம் மறைச்சிருக்கு, மிச்சத்துல குலசாமி பேரு. ரோட்டப் பாக்குறதுக்குன்னு ஒரு சாண் எடம் விட்டு வச்சிருக்கியே, பெரிய மனசு மாப்ளே உனக்கு. உள்ள நீலக்கலர் லைட்டு, கூரையில ரெண்டு ஸ்பீக்கர், மூணு தினுசு ஹாரன். எல்லாம் ஜோரு. ஆனா முன்பக்க டயர் ரெண்டும் மழுமழுன்னு இருக்கே, பழனிக்கு மொட்டை நேந்துக்கிட்டது நீயா, அதுகளா?

கோவிச்சுக்கிறாத. உங்கம்மாகூடப் பொறந்தவன், கேலி பண்ண எனக்கு உரிமை இருக்கு. அதோட லாரி ஸ்டீரிங்கப் புடிச்சே நரைச்ச மண்டை இது. காசு குடுத்தாலும் கெடைக்காத புத்திமதியக் காப்பித்தண்ணி குடுத்துச் சொல்லப்போறேன், உக்காரு.

வண்டி எடுத்த அன்னைக்கு வீரபாண்டி கோயில் வாசல்ல பூசை போட்டியே, நானும் வந்திருந்தேன். நாலு டயருக்கடியிலயும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குன. டயருக்குச் சந்தனம் வச்ச, குங்குமம் வச்ச. அம்புட்டுக் கிட்டக்கப் போயிக் குனிஞ்ச மனுசன், டயரோட பக்கச் சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சியா? நான் வாசிச்சேன். நீள்வட்டக் கட்டம் ஒண்ணுக்குள்ள நாலு நம்பர் இருந்துச்சு, 3415. அது கம்பெனிக்காரன் போன் நம்பர் இல்ல மாப்ளே. மொத ரெண்டும் வாரம், பின்ன ரெண்டும் வருசம். 2015ஆம் வருசம் 34ஆவது வாரம், அதாவது ஆகஸ்டு மாசத்துல செஞ்ச டயர். உன் மூத்த மகன் பொறந்த வருசம். பய அஞ்சாப்பு முடிச்சுட்டான், டயர் இன்னும் வேலைக்குப் போயிக்கிட்டிருக்கு.

பட்டன் தேஞ்சாத்தான் டயர் கெட்டதுன்னு நெனைக்கிற. ஓடாம வெயில்ல நின்னாலும் ரப்பர் காயும், பக்கவாட்டுல மயிரிழை மயிரிழையா வெடிப்பு விடும். அஞ்சு வருசம் தாண்டுன டயர வருசத்துக்கு ஒருக்கா வெவரம் தெரிஞ்சவன்கிட்டக் காட்டணும். பத்து வருசமாச்சுன்னா, பட்டன் புதுசு கணக்கா நின்னாலும் கழட்டிப் போட்டுறணும். விக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான்னு சிரிக்கிறியா? சிரி, சிரி. உன் மாமியாளுக்கு வைத்தியர் சொன்னதக் கேட்டும் இப்படித்தான் சிரிச்ச.

பட்டன் எம்புட்டு மிச்சமிருக்குன்னு பாக்க கண்ணும் வெரலும் போதும். டயரோட ஓரத்துல டி.டபிள்யூ.ஐ.ன்னு மூணு எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதுக்கு நேரா மேல, பள்ளத்துக்குள்ள வெரல விட்டுத் தடவு. குட்டி மேடு ஒண்ணு தட்டுப்படும். பட்டன் தேஞ்சு அந்த மேட்டோட சமமாயிருச்சுன்னா 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம்னு அர்த்தம், அதுக்கு மேல ஓட்டக்கூடாதுங்குது சட்டம். உன் டயர்ல நானும் தடவிப் பாத்தேன் மாப்ளே. மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. சமத்துவபுரமா இருக்கு.

இதுல ஒரு சூது இருக்கு. காஞ்ச ரோட்டுல மொட்டை டயர் நல்லாவே புடிக்கும். அதனாலதான் நீயும் மாசி, பங்குனியெல்லாம் காலரத் தூக்கி விட்டுக்கிட்டு ஓட்டுற. ஐப்பசியில மழை எறங்குனப்புறம்தான் டயரோட சாயம் வெளுக்கும். பட்டனுக்கு ஊடால இருக்கிற பள்ளம் எதுக்கு? ரோட்டுல நிக்கிற தண்ணிய வெளிய தள்ளுறதுக்கு. அது இல்லைன்னா டயருக்கும் தாருக்கும் நடுவுல தண்ணி பூந்துக்கிரும், வண்டி தண்ணி மேல வழுக்கும். நீ பிரேக்கு மேல ஏறி நின்னாலும் நிக்காது. ஹாரன் மட்டும் மூணு தினுசுலயும் நல்லாக் கேக்கும்.

இந்த லட்சணத்துல உன் கிளீனர் பய டயருக்குக் கரியாயிலும் டீசலும் தேச்சுப் பளபளப்பாக்குறான். கேட்டா 'ஷைனிங் வரும் தாத்தா'ங்கிறான். எண்ணெய் பட்டா ரப்பர் ஊறி உப்பிரும்னு அவனுக்குச் சொல்லு. டயருக்குத் தண்ணியும் கொஞ்சம் சோப்பும் போதும். எண்ணெய் தேச்சுத்தான் ஆகணும்னா பய தலையில தேய்க்கட்டும், சனிக்கிழமையாவது குளிச்ச மாதிரி இருக்கும்.

சரி, காத்துக்கு வருவோம். உன் வண்டியச் சுமக்கிறது எது சொல்லு? டயரா? இல்ல மாப்ளே, உள்ள இருக்கிற காத்து. ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காத்த அடைச்சு வச்சிருக்கிற பை, அம்புட்டுத்தான். காத்தடிச்ச டயர 1888ல உண்டாக்கிக் காட்டுன டன்லப் யாருன்னு நெனச்ச? பெல்பாஸ்ட்டுல மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பாத்த டாக்டரு. மகனோட மூணு சக்கர சைக்கிள் குலுங்குதேன்னு செஞ்சு குடுத்தாரு. மாட்டு டாக்டருக்குப் புரிஞ்சது வேன் மொதலாளிக்குப் புரியலையேன்னுதான் எனக்கு வருத்தம்.

காத்து கொறைஞ்சா டயரோட பக்கச் சுவரு, வண்டி உருளுற ஒவ்வொரு உருளலுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். ஒரு கம்பிய வளைச்சு வளைச்சு நிமித்திப் பாரு, கொஞ்ச நேரத்துல கை சுடும்ல, அதேதான். அம்புட்டுச் சூட்டையும் வாங்கிக்கிட்டு உள்ள நூல் விட்டுப்போகும். நாலுவழிச் சாலையில நடு மத்தியானம் டயர் வெடிச்சுக் கெடந்தா, 'காத்து ஜாஸ்தி போல'ம்பாங்க டீக்கடையில. முக்காவாசி காத்து கொறைஞ்சு வெடிச்சதாத்தான் இருக்கும். அதனால வெயில் காலம்னு நீயா அஞ்சு பவுண்டு கொறைச்சுப் புடிக்கிறியே, அந்த விஞ்ஞானத்த இன்னையோட விட்டுரு.

எத்தன பவுண்டு புடிக்கணும்னு பஞ்சர் கடைக்காரன்கிட்டக் கேக்காத. அவன் எல்லா வண்டிக்கும் ஒரே நம்பரத்தான் சொல்லுவான். டிரைவர் கதவத் தொறந்தா ஓரத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், இல்லாட்டி வண்டியோட வந்த புஸ்தகத்துல போட்டிருக்கும். ஆள் கொறைவா இருந்தா எம்புட்டு, வண்டி நெறைஞ்சா பின் சக்கரத்துக்கு எம்புட்டுன்னு அதுல தனித்தனியாச் சொல்லியிருப்பான். நீ அந்தச் சீட்டு மேல நடிகை படம் ஒட்டி வச்சிருக்க. அந்தம்மா அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா பவுண்டு சொல்ல மாட்டாக. டயர் மேலயே ஒரு பவுண்டுக் கணக்குப் போட்டிருக்கும், அது அந்த டயர் தாங்குற உச்ச அளவு. அதப் பாத்துப் புடிச்சிராத.

காத்த அளக்குறது காலையில, வண்டிய எடுக்குறதுக்கு முந்தி. கம்பம் போயிட்டுத் திரும்பி வந்து அளந்தா சூட்டுல நாலஞ்சு பவுண்டு கூடத்தான் காட்டும். ஆகா ஜாஸ்தியா இருக்கேன்னு அமுக்கி வெளிய விட்டேன்னா, ராத்திரி ஆறுனப்புறம் கொறைஞ்சு போயி நிக்கும். அளக்குற கேஜு சொந்தமா ஒண்ணு வாங்கிப் போடு. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பவுண்டு தன்னாலயே எறங்கும், பஞ்சரே ஆகாட்டியும் எறங்கும். வாரத்துக்கு ஒருக்காப் பாத்தா போதும். வால்வு மூடி நாலுல மூணக் காணோம். பத்து ரூவாக்கூட இல்லாத சாமானத்த வாங்கிப் போடு, மண்ணு பூந்தா வால்வு கசியும்.

நைட்ரஜன் அடிக்கப் போறேன்னு வேற சொல்லிக்கிட்டுத் திரியிறியாம். அடி, தப்பில்ல, காத்து கொஞ்சம் மெதுவா எறங்கும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க: மேகமலையில இருந்து சும்மா வீசுதே, அந்தக் காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். மிச்சம் 22 பங்குக்கு நீ காசு குடுக்குற. வாரா வாரம் ஓசிக் காத்த அளந்து புடிக்கிறவன் டயரு, நைட்ரஜன் அடிச்சுட்டு ஆறு மாசம் மறந்துபோனவன் டயர விடக் கூட ஓடும்.

தேய்மானத்தப் பாத்தே வண்டியோட சீக்கச் சொல்லிறலாம். ரெண்டு ஓரமும் தேஞ்சு நடுவு நின்னா காத்து கொறைச்சல். நடுவு தேஞ்சு ஓரம் நின்னா காத்து ஜாஸ்தி. ஒரே பக்கம் மட்டும் தேஞ்சா சக்கரம் நேரா நிக்கல, அலைன்மெண்ட்டுக்கு விடு. உள்ளங்கைய டயர் மேல குறுக்க வச்சு இழுத்துப் பாரு. போறப்ப வழவழன்னும் வாறப்ப சொரசொரன்னும் இருந்தா அதுவும் அலைன்மெண்ட்டுதான். அங்கங்க குழி விழுந்தா ஷாக்கப்சர் போச்சு. ஸ்டீரிங் கையில அதிர்ந்தா சக்கரத்தப் பேலன்ஸ் பாக்கணும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா டயர எடம் மாத்து. ஆம்னிக்கு இழுக்குறது பின்சக்கரம். அதனால பின்னாடி ரெண்டும் நேரா முன்னாடி வரணும், முன்னாடி ரெண்டும் வலம் இடம் மாறிப் பின்னாடி போகணும்.

அகல டயர் போடப் போறேங்கிற பேச்சும் காதுல விழுந்துச்சு. உன் டயர்ல 145 ஆர் 12 எல்டின்னு போட்டிருக்கே, அந்த எல்டி பாரம் இழுக்குற வண்டிக்குன்னு செஞ்சது. கார் டயர் அதே ரிம்முல உக்காந்தாலும் அதே பாரத்தத் தாங்கணும்னு ஒண்ணும் இல்ல. பழைய டயர் விக்கிறவன்கிட்டயும் போகாத. தேஞ்ச டயர்லயே கத்தி வச்சுப் பள்ளம் வெட்டி, 'அறுபது பர்சண்ட் பட்டன் இருக்கண்ணே'ம்பான்.

ஸ்டெப்னிய மறந்துட்டேனே. அத நீயும் மறந்துட்ட. நடு ரோட்டுல ஸ்டெப்னிய எறக்கி வச்சு, அதுலயும் காத்தில்லன்னு தெரிஞ்சு நிக்கிறவன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும், வடிவேலு தோத்தாரு. நாலு டயருக்குப் பாக்குறப்பவே அஞ்சாவதுக்கும் பாரு. டயர் மாத்துறப்ப ஹேண்ட் பிரேக்கப் போட்டு, கியர்லயும் விட்டு, மூலைக்கு மாறி நிக்கிற சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டு ஜாக்கியத் தூக்கு. நட்ட ஒரே பக்கமா வரிசையா முறுக்காம எதிர் எதிராப் பாத்து முறுக்கு. அம்பது, நூறு கிலோமீட்டர் ஓடுனதும் எறங்கி நட்ட மறுபடி ஒருக்காப் பாத்துக்க.

இஞ்சின் சங்கதி ரொம்ப இல்ல. உன் வண்டிக்கு இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில இருக்கு. அதனாலதான் அது சூடாகுற சேதி ரேடியேட்டருக்குத் தெரியிறதுக்கு முந்தி உனக்குத் தெரியுது. தெரிஞ்சும் குண்டிய நகத்தி உக்காந்து ஓட்டுற பாரு, அங்கதான் நீ நிக்கிற மாப்ளே. சீட்டத் தூக்கிப் பாரு. வண்டியச் சமதரையில நிறுத்தி, ஆயில் கம்பியத் தொடைச்சுட்டு அளந்து பாரு. கூலண்ட்டுக்குப் பதிலா போர்த் தண்ணிய ஊத்தாத, உப்புப் படிஞ்சு அடைச்சிரும். சூட்டோட மூடியத் தொறக்காத, மூஞ்சி வெந்துரும். பிரேக் ஆயில ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்து, அது தன்னால ஈரத்த உறிஞ்சிக்கிரும்.

கார்த்திகை பொறந்தா சபரிமலை டிரிப்பு புடிக்கணும்னு நாலு குருசாமியப் பாத்துப் பேசிட்டியாம். புத்தகத்துல எட்டுப் பேரு, நீ பதிமூணு பேருக்கு அச்சாரம் வாங்கியிருக்க. ஐயப்பன் தாங்குவாரு, அந்த எல்டி டயர் தாங்காது. குமுளி மலை எறங்கி லோயர் கேம்ப் வர்றதுக்குள்ள பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா, லைனிங் காந்தி பிரேக் புடிக்காமப் போயிரும். எந்தக் கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு, இஞ்சினே புடிச்சுக்கிரும். நடுவுல டயர் வெடிச்சா சட்டுன்னு பிரேக் போடாத. ஸ்டீரிங்க ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சு, ஆக்சிலேட்டர்ல இருந்து காலெடுத்து, வண்டிய அதுவா வேகம் கொறைய விட்டு ஓரங்கட்டு.

ஆம்னி 1984ல வந்து 2019ல நின்னுபோன வண்டி. இனிமே புதுசு கெடைக்காது, இருக்கிறத வச்சுத்தான் பொழைக்கணும். நாளைக்குக் காலையில தேனிக்குப் போயி முன்டயர் ரெண்டையும் மாத்திட்டு, சாயந்தரம் வண்டிய இந்தத் திண்ணை முன்னாடி கொண்டாந்து நிறுத்து, நான் வெரல விட்டுத் தடவிப் பாக்கணும். காசு பத்தலைன்னா கூரையில இருக்கிற ஸ்பீக்கர் ரெண்டையும் வித்துரு, வாங்குறதுக்கு நானே ஆள் பாத்து வச்சிருக்கேன்.