காபியை விட்டுவிடவா?

கேள்வி: எனக்கு 52 வயது. தினமும் மூன்று டம்ளர் ஃபில்டர் காபி குடிக்கிறேன். இதயத்துக்குக் கெடுதல் என்று மருமகள் தடுக்கிறாள். விட்டுவிடவா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: காபியை விட வேண்டாம், சர்க்கரையை விடுங்கள்! ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பாதகமில்லை என்கின்றன அமெரிக்க, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்புகள். ஆனால், டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால், மூன்று டம்ளரிலேயே சுமார் 25 கிராம் ஆகிவிடும். நாள் முழுவதற்கும் அதற்குமேல் போகாமலிருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷர் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி கூடாது. குடித்தால், கருவி டிகாக்‌ஷனின் வீரியத்தையும் சேர்த்துக் காட்டும்! படபடப்பு இருந்தால் டாக்டரைப் பாருங்கள். நாளை முதல் மருமகளையே காபி கலக்கச் சொல்லுங்கள். சர்க்கரை தானாகக் குறையும், பாசம் கூடும்!