ரேஷன் அட்டையில் ஒரு வால்

ஏற்காடு கோடை விழா நாய்க் கண்காட்சியில் கோப்பை வாங்கிய ஜூலிக்குப் புற்றுநோய். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குப் போகவேண்டியதுதான். ஸ்கேன், அறுவை, கீமோ என்று சீட்டு நீள நீள, தோட்டத்துக் காபியோடு மிளகும் கரையும். நாய்களின் புற்றுக்கட்டிக்குப் போடும் வின்கிரிஸ்டின் ஊசியின் மூலச்சரக்கு வேலியோரத்து நித்தியகல்யாணி. செடி இலவசம்தான், ஊசிக்குத்தான் பில்.

கவலை எதற்கு? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்து, ரேஷன் அட்டையில் பெயரும் இருந்தால் போதும். ஜூலிக்கோ வருமானமே கிடையாது. வாங்கிய கோப்பையும் பித்தளை. 'பெத்த பிள்ளை மாதிரி' என்று ஊரே சொல்லும்போது, ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க வேறென்ன சான்று வேண்டும்? கைரேகைக்கு நான்கு பாதமும் தயார்.

மனுவைப் படித்த அதிகாரி உருகிப்போனார்.

"நாய்க்குத் தகுதி இருக்கு சார். உங்க வருமானம்தான் இடிக்குது. உங்க பேரை எடுத்துட்டு ஜூலியைக் குடும்பத் தலைவியா போட்டுடலாம். மாசம் 1,000 ரூபா மகளிர் உரிமைத் தொகையும் வரும். இருபத்தொரு வயசு ஆகணும்... நாய் வயசை ஏழால பெருக்கிக்கலாம்ல?"